கப்பித்தானும் பட்டங்கட்டியும்

1560-களில் இந்தியக் கடற்கரைகளில் சுற்றித் திரிந்த வெனிஸ் வணிகர் சேசரே ஃபெடெரிச்சி, முத்துக்குளித்துறையில் முத்துக்குத் தரம் பிரிப்பதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். துளையிட்ட செப்புத் தட்டுகளில் முத்தைச் சலித்தார்கள். விலை சொல்லும் வேலை செட்டிகளுடையது. நன்றாக உருண்டு தேறியது போர்ச்சுகல் தரம்; பறங்கியர் வாங்குவதால் அந்தப் பெயர். உருட்சி சற்றுக் குறைந்தது வங்காளத் தரம். அதற்கும் கீழே கன்னடத் தரம், அது விஜயநகரத்துக்குப் போகும். எல்லாம் போக மிஞ்சிய பொடிசு கம்பாத் தரம் என்று குஜராத்துக்குக் கட்டப்பட்டது.

இன்னொரு செய்தியையும் அவர் போகிறபோக்கில் சொல்கிறார். யார் வேண்டுமானாலும் முத்துக் குளிக்கலாம். ஆனால் போர்ச்சுகல் மன்னருக்கு ஒரு வரி, அந்தக் கரையிலுள்ள மாதா கோயில்களுக்கு ஒரு வரி கட்ட வேண்டும். குளித்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர் வருவதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கரையில் போர்ச்சுகல் மன்னருக்கு வரியும் இல்லை, மாதா கோயிலும் இல்லை, கிறிஸ்தவர்களும் இல்லை.

கோவாவைப் போலவோ கொச்சியைப் போலவோ இங்கே பறங்கியருக்கு ஒரு நகரம் அமையவில்லை. கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் உள்ளே போனால் அவர்கள் ஆணை செல்லாது. ஒரு கப்பித்தான், அவருக்குக் கீழே ஒரு சிறு படை, சில வணிகர்கள், நாலைந்து பாதிரிமார். இவ்வளவுதான் அவர்கள் கையிருப்பு. வேம்பாறு முதல் மணப்பாடு வரையுள்ள துறைகளை உண்மையில் நடத்தியவர்கள் பரவர் குலத்துத் துறைத் தலைவர்களான பட்டங்கட்டிகள். தாமிரபரணி முகத்தில் 120 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த போர்ச்சுக்கீசிய அதிகாரம், ஏற்கெனவே இருந்த அந்த அமைப்பின் தோளில் ஏறி உட்கார்ந்த அதிகாரம்.

தாமிரபரணி கொண்டுவந்து கொட்டும் வண்டல் இந்தக் கரையின் வரலாற்றை அடிக்கடி இடம் மாற்றியிருக்கிறது. பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி, வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. கொற்கை தூர்ந்தபின் துறை கடலை நோக்கி நகர்ந்து, பழையகாயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த 'காயல்' இதுதான் என்று திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் அடையாளம் காட்டினார். ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்து நின்றன. பழையகாயலும் மணல்மேடிட்டபோது, ஆறு கடலில் விழும் இடத்திலேயே புன்னைக்காயல் உருவானது. பக்கத்தில் தெற்கே முஸ்லிம் வணிகர்களின் காயல்பட்டினம்.

முத்துக்குளிப்பைப் பற்றி மார்க்கோ போலோ சொன்ன கணக்கு ஒன்று இங்கே தேவைப்படும். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா தீண்டாதபடி மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுகிறவர்களுக்கு. தமிழில் இவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். பகலில் மந்திரத்தைப் போட்டு, மாலையில் எடுத்துவிடுவார்கள். இரவில் எவனும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாதல்லவா!

16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், துவார்த்தே பார்போசா எழுதும் காலத்தில், காயலில் முத்துக் குத்தகை ஒரு பெரும் முஸ்லிம் செல்வரின் கையில் இருந்தது. நெடுங்காலமாக அவர் குடும்பத்துக்கு அந்த உரிமை. தம் மக்களுக்கு அவரே நீதியும் வழங்கினார், அரசன் தலையிடவில்லை. கடலில் குளிப்பதில் பரவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. ஆனால் படகு, முன்பணம், வெளிநாட்டுச் சந்தை எல்லாம் முஸ்லிம் கப்பல் வணிகர்களான மரைக்காயர்களிடம் இருந்ததால் பரவர்கள் கடன்பட்டவர்களாகவே கடலில் இறங்கினார்கள்.

1520-களின் நடுவில் இந்த ஏற்பாட்டுக்குள் போர்ச்சுக்கீசியர் நுழைந்தார்கள். ஜோவான் புளோரஸ் என்பவர் முத்துக்கரையின் கப்பித்தானாக வந்து, ஆண்டுக்கு 1,500 குரூசாடோ பொற்காசு என்று குத்தகை பேசினார். உள்நாட்டு அரசர்களுக்கு இது ஆதாயமாகவே பட்டது. கடலில் யார் காவல் காத்தால் என்ன, கரைக்கு வரி வந்தால் சரி. மரைக்காயர்களுக்கு அப்படியில்லை. மலபார்க் கரையில் ஏற்கெனவே தங்கள் மிளகு வணிகத்தை உடைத்தவர்கள் இப்போது முத்துக்கும் வந்துவிட்டார்கள் என்பதே அவர்கள் கண்ட காட்சி.

அப்புறம் நடந்ததை இயேசு சபையின் பழைய பதிவுகள் ஒரு பணியாரக் கதையில் தொடங்குகின்றன. 1530-களின் தொடக்கத்தில், பணியாரம் விற்கப்போன ஒரு பரவப் பெண்ணை ஒரு முஸ்லிம் அவமதித்தாராம். அவள் புருஷன் தட்டிக்கேட்கப் போய்க் கைகலப்பானது. அதில் அவன் கடுக்கனோடு சேர்த்துக் காதை அறுத்துவிட்டார்கள். பரவர்கள் திரண்டு அடித்தார்கள். எதிர்த்தரப்பு கடலிலும் கரையிலும் வளைத்துக்கொண்டு, ஒரு பரவன் தலைக்கு ஐந்து பணம் என்று விலை வைத்தது. தலைகள் மலிந்ததும் விலை ஒரு பணத்துக்கு இறங்கியதாம். இது ஒரு தரப்பின் வாய்மொழி. அதன் மிகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கடனுக்கும் குத்தகைக்கும் அடியில் எத்தனை காலப் புகை மூண்டிருந்தது என்பது தெரிகிறது.

அந்த நேரத்தில் ஒரு குதிரை வியாபாரி கன்னியாகுமரிப் பக்கம் வந்து சேர்ந்தார். ஜோவான் த குரூஸ் என்ற பெயர் இருந்தாலும் அவர் பறங்கியரல்லர், கள்ளிக்கோட்டைக்காரர். சாமூதிரி தரப்பிலிருந்து லிஸ்பனுக்குப் போய், 1513-ல் அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, வீரர் பட்டமும் வாங்கித் திரும்பியவர். வியாபாரத்தில் நொடித்துப்போய்க் கடனில் இருந்தார். பரவர்களிடம் அவர் சொன்ன யோசனை நேரானது: பறங்கியரின் வேதத்தில் சேருங்கள், அவர்கள் கப்பல் உங்களைக் காக்கும்.

பட்டங்கட்டிகள் கூடிப் பேசினார்கள். 1535-ன் கடைசியில் முதலில் 15 பேர் கொச்சிக்குப் போனார்கள். பின்னால் 70 பேர். 85 பேரும் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த ஆண்டில் கொச்சிப் பாதிரிமார் கப்பல்களோடு வந்து ஊர் ஊராக நீர் வார்த்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தனி ஆளின் மனமாற்றம் என்று இதை எடுத்துக்கொண்டால் நடந்தது புரியாது. ஊர்க்கூட்டம் எடுத்த முடிவு அது. பட்டங்கட்டி தலையசைத்த துறையில் குடிசைக்குக் குடிசை பெயர் மாறியது. ஞானத்தகப்பன்மார் கொடுத்த பெர்னாண்டோ, கோமஸ், மச்சாது, வாஸ், மோத்தா எல்லாம் இன்றைக்கும் அந்த ஊர்களின் வாக்காளர் பட்டியலில் இருக்கின்றன.

பறங்கியர் தங்கள் பங்கைச் செலுத்தினார்கள். 1538 தொடக்கத்தில், மண்டபம் அருகே வேதாளையில், மார்ட்டிம் அஃபோன்சோ த சோசா பட்டு மரைக்காயரின் கடற்படையைத் தோற்கடித்தார். கடல் பக்கம் பரவர்களுக்கு மூச்சு விட முடிந்தது.

தரைப் பக்கம் தொல்லை அப்படியே இருந்தது. முத்துக்கரை என்பது தேரி மணலும் பனையும் உப்புக்காற்றும்தான், நெல் விளையாது. சோறு தாமிரபரணிப் பாசனத்திலிருந்து வர வேண்டும். திருநெல்வேலிச் சீமையை யார் ஆள்கிறார்களோ அவர்கள் நினைத்தால் அரிசி வண்டியை நிறுத்திவிடலாம், குடிநீரையும் மறிக்கலாம். அந்தச் சீமையை யார் ஆள்வது என்பதே அப்போது தீராத சண்டை. தென்காசிப் பாண்டியர், கயத்தாற்றுத் தலைவர்கள், மலைக்கு அப்பால் திருவிதாங்கூர்த் திருவடிகள், வடக்கே விஜயநகரம். 1532-ல் அச்சுததேவராயரின் படை திருவடியை அடக்கி, தாமிரபரணிக் கரையில் வெற்றித்தூண் நாட்டிவிட்டுப் போனது. தூண் நட்டவரும் வரி கேட்டார், தோற்றவரும் வரி கேட்டார்.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது நிலைமை இதுதான். ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்களுக்கு, பெயர் மாறியது தவிர வேதத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரியாது. கோவாவில் படித்த இந்தக் கரையின் பிள்ளைகள் மூவர் அவருக்குத் துணை. இரு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கச் செய்தார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சவேரியார் ஓர் ஊரில் தங்குவது சில நாள்தான். அவர் போனபின் ஞாயிற்றுக்கிழமை யார் செபம் சொல்வது, பிறந்த குழந்தைக்கு யார் நீர் வார்ப்பது, கல்யாணத்தை யார் விசாரித்து எழுதுவது? இதற்கு அவர் புதிய பதவி எதையும் உண்டாக்கவில்லை. ஊர்தோறும் எழுத்தறிந்த ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக வைத்தார். வரிக் கணக்குக்கும் கடைக் கணக்குக்கும் இருந்த அதே பெயர் இப்போது ஆத்துமக் கணக்குக்கும் வந்தது. இவர்களுக்குச் சம்பளம் 4,000 பொற்பணம். போர்ச்சுகல் அரசி கத்தரீனாவுக்கு மிதியடிச் செலவென்று இந்தக் கரையின் வருவாயிலிருந்து போய்க்கொண்டிருந்த தொகை அது. அதைக் கணக்கப்பிள்ளைகளுக்கு விட்டுத்தரும்படி சவேரியார் கேட்டுப் பெற்றார்.

முத்துக்குளித்துறையின் அன்றாட அதிகாரம் எப்படி இயங்கியது என்பதைச் சவேரியார் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு 1544-ல் எழுதிய கடிதங்களில் பார்க்கலாம். மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று மாறிமாறி எழுதப்பட்ட அவசரக் குறிப்புகள் அவை. தேவ ரகசியங்களை விட ஊர் நிர்வாகமே அவற்றில் அதிகம். பட்டங்கட்டிகளைக் கூப்பிட்டுப் பேசு. வரிக்காரர் வந்தால் என்னிடம் சொல்லியனுப்பு. சாராயம் குடிக்கும் பெண்களை மூன்று நாள் அடைத்து வை, பிடித்துத்தரும் சேவகனுக்கு ஆளுக்கு ஒரு பணம் கொடு. அந்தச் சேவகனின் பதவிப் பெயரான 'மெய்ரிஞ்ஞோ' போர்ச்சுகலிலிருந்து வந்தது. அவர் யாரைப் பிடிப்பது, பிடித்தவரை எப்போது விடுவது என்பதெல்லாம் பட்டங்கட்டியைத் தாண்டி நடக்க முடியாது.

பட்டங்கட்டியின் கை எங்கும் இருந்தது. துறைக்கு வரும் மீனிலும் சங்கிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அரசனுக்கு வரி பிரித்துக் கொடுப்பவரும் அவரே, குடும்பச் சண்டையைத் தீர்ப்பவரும் அவரே. எல்லாத் துறைகளின் பட்டங்கட்டிகளுக்கும் மேலே ஜாதித்தலைவர். கப்பித்தான் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். பதவிக்குக் கொடுத்ததை வட்டியோடு எடுத்துக்கொண்டு போவதில் குறியாயிருப்பார். ஜாதித்தலைவர் பதவி தகப்பனுக்குப் பின் பிள்ளைக்கு. பாதிரிமாரும் சீக்கிரமே இதைக் கண்டுகொண்டார்கள். பட்டங்கட்டியைப் பகைத்துக்கொண்டு பூசை வைக்க முடியாது.

1544 ஜூனில் வடக்கேயிருந்து வடுகப் படை கரையைச் சூறையாடியது. கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடலுக்குள் பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். வெயிலில் தண்ணீரும் சோறும் இல்லாமல் அங்கே சாகக் கிடந்தவர்களுக்கு, சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்றில் தோணிகள் முன்னேற முடியாமல் போனதை அவரே எழுதியிருக்கிறார்.

சில மாதத்தில் அதே கதை தூத்துக்குடியில் திரும்பியது. இம்முறை வந்தவர் கயத்தாற்றுப் பக்கத்துத் தலைவர் வெட்டும்பெருமாள். தூத்துக்குடியில் இருந்த கப்பித்தான் கோஸ்மே த பைவாவின் வீடும் கப்பலும் எரிந்தன. கப்பித்தான் தீவுக்கு ஓடினார். ஊர் மக்களும் தீவுகளுக்கு ஓடினார்கள். கொம்புத்துறை, புன்னைக்காயல் ஊர்களிலிருந்து தோணிகளில் தண்ணீரும் சோறும் கொண்டுபோகச் சொல்லி ஆலந்தலையிலிருந்து சவேரியாரின் கடிதம் பறந்தது. இந்தக் கோஸ்மே த பைவா யார் தெரியுமா? பரவர்களைக் காக்க வந்தவர், அவர்களைக் கொள்ளையிடும் தலைவர்களுக்கே குதிரை விற்றுக்கொண்டிருந்தார். முத்தை விடக் குதிரையில் லாபம் கூட. சவேரியார் கோவாவுக்கு எழுதிய புகார்களில் வடுகரை விட இந்தக் கப்பித்தானைப் பற்றிய கசப்பே அதிகம்.

மாறிமாறி வந்த கப்பித்தான்கள் நடுவே ஒரு மனிதர் மட்டும் அரை நூற்றாண்டு தங்கினார். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், தமிழில் அண்டிரிக் அடிகளார். 1520-ல் போர்ச்சுகலின் வில்லா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சம் என்பதால் அங்கே ஒரு துறவு சபையில் இடம் மறுக்கப்பட்டவர். 1547-ல் முத்துக்கரைக்கு வந்தார். ஆரம்பத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசியவர், சீக்கிரமே அவரை விட்டுவிட்டார். பாதிரிமார் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும், மீறினால் தண்டனை என்று விதி வைத்தார். பறங்கிப் பள்ளிப்பாடத்தில் இலத்தீனுக்கு இருந்த இலக்கண முறையில் தமிழை அடுக்கி ஓர் இலக்கண ஏடு எழுதினார். அது அச்சேறாமல் லிஸ்பன் நூலகத்தில் நெடுங்காலம் கிடந்து, 1982-ல்தான் பதிப்பு கண்டது.

புன்னைக்காயலில் 1550 வாக்கில் ஒரு மருத்துவமனையும் அவர் முயற்சியில் எழுந்தது. பறங்கிச் சிப்பாய்க்கான மருத்துவமனைகள் கோவாவிலும் கொச்சியிலும் இருந்தன. இது ஊர் ஏழைகளுக்கு. செலவில் பெரும்பகுதி பரவர்களின் நன்கொடையிலும், தவறு செய்தவர்களிடம் வாங்கிய அபராதத்திலும் நடந்தது. புதிதாக வரும் பாதிரிமார் தமிழ் படிக்க அங்கேயே ஒரு கல்விக்கூடமும் வந்தது.

இதெல்லாம் அமைதியான காலத்து வேலைகள் அல்ல. 1553-ல் மலபார்க் கரையிலிருந்து வந்த இராப்பாலியின் கப்பல்கள் புன்னைக்காயலைப் பிடித்தன. கப்பித்தான் மானுவேல் ரொட்ரிகஸ் கூத்தினோ குடும்பத்தோடு சிறைப்பட்டார். கொச்சியிலிருந்து கில் பெர்னாண்டஸ் த கார்வாலோ படையோடு வந்தபிறகே நிலைமை திரும்பியது. 1560-ல் மதுரை நாயக்கர் விசுவநாதரின் படை அதே ஊரைத் தாக்கியது. மண்கோட்டை எத்தனை தரம்தான் தாங்கும்? யாழ்ப்பாணப் படையெடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா, புன்னைக்காயல் மக்களை அப்படியே மன்னாருக்குக் குடியேற்ற முடிவு செய்தார். கோட்டையும் கப்பித்தான் பதவியும் மன்னாருக்கு மாறின. சனமும் போனது. ஆனால் அங்கே கொள்ளைநோய் பரவிக் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் திரும்பிப் பழைய துறைகளுக்கே வந்தார்கள். கப்பித்தான் மன்னாரில் இருந்தார், அவருக்கு வருமானம் தரும் குளியாட்கள் தாமிரபரணி முகத்தில் இருந்தார்கள்.

குளிப்பு நடக்கும் காலம் மார்ச், ஏப்ரல். ஐம்பது நாள் போல. ஒரே பாரில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டில், ஆண்டுதோறும் குளிப்பதில்லை. முதலில் நல்ல குளியாட்களை அனுப்பி எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு நேரே கரையில் ஓலைக் குடிசைகளும் கடைத்தெருவுமாக ஒரு தற்காலிக ஊர் முளைக்கும். கடற்கொள்ளையரிடமிருந்து காக்க மூன்று நான்கு பறங்கிப் படகுகள் ஆயுதத்தோடு சுற்றும். குளியாள் மூக்கை இடுக்கியால் அடைத்து, காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்து, கூடையோடு கல்லின் கனத்தில் இறங்குவான். மேலே ஒருவன் கயிறு பிடித்திருப்பான். கயிறு அசைந்தால் தூக்க வேண்டும், தாமதித்தால் உயிர். எடுத்த சிப்பியை ஒவ்வொரு கூட்டமும் கரையில் தன் தன் குவியலாகப் போட்டுவிடும். குளிப்பு முடியும்வரை ஒருவரும் தொடக் கூடாது. கடைசியில் எல்லாரும் ஒரே சமயத்தில் திறப்பார்கள். சிப்பி செத்துக் காய்ந்திருப்பதால் எளிதில் விட்டுக்கொடுக்கும். ஐம்பது நாள் அழுகிய சிப்பியின் நாற்றம் எத்தனை மைலுக்கு அடித்திருக்கும் என்று அந்தக் கரைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

முத்து ஆண்டுதோறும் தேறாது, சங்கு தேறும். இந்தக் கரைச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலானது. கருவாடு, கருப்பட்டி, திருநெல்வேலிச் சீமைத் துணி என்று தோணிகள் இலங்கைக்கும் கொச்சிக்கும் ஓடின. திரும்பும்போது பாக்கும் அரிசியும் வந்தன.

சங்கையும் முத்தையும் விற்ற காசில்தான் தமிழ் அச்சும் வந்தது. 1554-ல் லிஸ்பனில், தமிழ் அறிந்த இந்தியர் மூவரின் துணையோடு, தமிழ்ச் செபங்கள் ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தன. அண்டிரிக் அடிகளாருக்கு அது போதவில்லை. தமிழ் எழுத்திலேயே புத்தகம் வேண்டும். கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் 1577-ல் வெட்டிய எழுத்துகள் திருப்தியாக இல்லாததால், ஜோவான் த பாரியா கொல்லத்தில் புதிதாக வெட்டினார். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. பனையோலை வழக்கப்படியே மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற பெரிய நூல். இது புன்னைக்காயலில் அச்சானது என்பது பரவலான கருத்து.

அச்சுக்கூடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரவர்கள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதை விட, அது தங்கள் மொழியில் தங்கள் எழுத்தில் இருப்பதுதான் பட்டங்கட்டிகளின் மடியை அவிழ்த்தது. 'தம்பிரான் வணக்கம்' நூலின் அறியப்பட்ட ஒரே பிரதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் நூலகத்தில் உள்ளது. 'அடியார் வரலாறு' நூலை இராசமாணிக்கம் அடிகள் 1967-ல் தூத்துக்குடியில் மறுபதிப்புச் செய்தார். அண்டிரிக் அடிகளார் 1600-ல் இறந்தார். அவர் உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது.

உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்ததில் ஒரு மாற்றம் தெரிகிறது. மணலோடு மல்லுக்கட்டிய புன்னைக்காயலை விட, தீவுகள் அலையைத் தடுக்கும் தூத்துக்குடி கப்பலுக்கு வசதி. 1582-ல் பனிமய மாதா கோயில் அங்கே எழுந்தது. அந்த ஊருக்கும் தீ வந்தது. 1603-ல் கயத்தாற்றிலிருந்து நாயக்கரின் ஆட்கள் வந்து தாக்கினார்கள். பாதிரிமாரும் பரவர்களும் ஊரையே காலிசெய்து எதிரிலிருந்த முயல்தீவுக்குப் போய்ச் சில வருஷம் குடியிருந்தார்கள். நாயக்கருக்கு இதுதான் உறைத்தது. குளிக்கிறவன் கடலுக்குள் போய்விட்டால் முத்துக்கு வரி ஏது? பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பினார். வாளோ பீரங்கியோ இல்லாத ஒரு சமூகத்துக்கு இருந்த ஒரே ஆயுதம், தோணியில் ஏறிவிடுவது. 1544-ல் உயிர் பிழைக்கச் செய்ததை 1604-ல் பேரம் பேசச் செய்தார்கள்.

1658 தொடக்கத்தில் ரிக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையில் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது கப்பித்தான்களின் காலம் முடிந்தது. கூடவே வந்த போதகர் பிலிப்பஸ் பால்டேயுஸ், இந்தக் கத்தோலிக்கரைச் சீர்திருத்த சபைக்கு இழுக்க முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். போர்ச்சுகல் கப்பல் போய்விட்டது, போர்ச்சுகல் அரசனும் போய்விட்டார், செபமாலை போகவில்லை. பறங்கியர் பாதுகாப்புக்காகச் சேர்ந்த வேதம் இதற்குள் அவர்கள் குல அடையாளமாகிவிட்டிருந்தது. டச்சுக்காரர் தங்களுக்கென்று 1750-ல் கட்டிய ஆலயம் தூத்துக்குடியில் இன்னும் நிற்கிறது. பரவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

மதத்தில் விட்டுக்கொடுத்த டச்சுக்காரர், தொழிலில் பழைய ஏற்பாட்டையே தொட்டுக் கும்பிட்டார்கள். அவர்கள் காலத்துக் குளிப்புக் கணக்குகளில் உரிமைக் கல் என்ற வரிசை வரும். குளியாள் இறங்கும் கல்தான் அளவு. வரியில்லாமல் இத்தனை கல் இறக்கலாம் என்பது உரிமை. மதுரை நாயக்கருக்கு 96½ கல். சேதுபதிக்கு 60. பட்டங்கட்டிகளுக்கும் அதில் பங்கு. அந்தக் கற்களில் கிறிஸ்தவக் குளியாள் எத்தனை, முஸ்லிம் குளியாள் எத்தனை என்றுகூடப் பிரித்து எழுதப்பட்டது. 1530-களில் தலைக்கு விலை வைத்துக்கொண்ட இரு தரப்பும் ஒரே பாரில், ஒரே பட்டியலில் மூழ்கி எழுந்தார்கள்.

ஜாதித்தலைவரும் நிலைத்தார். 1806-ல் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்வித்தவர் அப்போதைய ஜாதித்தலைவர். தேரிழுப்பு, முதல் மரியாதை, வடம் தொடும் முறை எல்லாம் திருச்செந்தூரில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இராது. 1825-ல் தூத்துக்குடி ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனபிறகும், முத்துக்குளிப்பு நடந்தபோதெல்லாம் ஜாதித்தலைவருக்கென்று உரிமைப் படகுகளை அரசு ஒதுக்கியது.

கடல்கட்டியின் கதையும் அப்படியே. பாதிரிமார் மந்திரத்தை ஏற்கவில்லை, குளியாட்களோ கடல்கட்டி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கையின் அரிப்பில் நடந்த குளிப்பைப் பற்றி 1859-ல் எழுதிய எமர்சன் டெனன்ட், அப்போதைய கடல்கட்டிக் குடும்பத் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். மந்திரம் பலிப்பதற்கு அவர் எந்த வேதம் என்பது குளியாட்களுக்குப் பொருட்டாக இல்லை. ஆங்கில அரசு அவருக்குச் சம்பளம் போட்டது. அதற்கு மேல், குளிப்பு நடக்கும் ஒவ்வொரு நாளும் படகுக்குப் பத்துச் சிப்பி.